ஜெர்மன் பி1 தேர்வின் ஹோரென் பகுதி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்கால வகுப்பில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்சிங் முடித்த பிள்ளைகள். பேச்சுத் தேர்வு என்றால் நடுங்குவார்கள், ஆனால் தேறிவிடுவார்கள். பயப்படாமல் போய் மாட்டிக்கொள்வது ஹோரென் என்ற கேட்டல் பகுதியில்தான். ஒவ்வொரு குழுவிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

எல்லாம் ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிடியூட்டின் பி1 தேர்வை வைத்துச் சொல்வது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழி நிலைகளில் பி1 மூன்றாவது படி. வேறு தேர்வு என்றால் அங்கேயே குறிப்பிட்டிருக்கிறேன். ஜெர்மன் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். நம் எழுத்துக்குள் அடங்காத ஒலி வருகிற இடத்தில் அதையும் சொல்கிறேன்.

ஹோரென்ல மொத்தம் எத்தனை பகுதி, எவ்வளவு நேரம்?

நான்கு பகுதி, 30 கேள்வி, சுமார் 40 நிமிடம். முதல் பகுதியில் ஐந்து சிறு ஒலிப்பதிவுகள்: ரயில் நிலைய அறிவிப்பு, போனில் விட்டுவைத்த செய்தி, வானொலித் தகவல் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி; ஒன்று சரியா தவறா, இன்னொன்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இந்தப் பகுதி இரண்டு முறை ஒலிக்கும். இரண்டாவது பகுதியில் ஒருவரே பேசுவார். சுற்றுலா வழிகாட்டியோ, ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவர்களை வரவேற்பவரோ இருக்கலாம். ஐந்து கேள்வி, ஒரே முறைதான் கேட்கலாம்.

மூன்றாவது, தெரிந்தவர்கள் இருவர் பேசிக்கொள்வது. ஏழு கேள்வி, சரியா தவறா. இதுவும் ஒரே முறை. நான்காவது வானொலிக் கலந்துரையாடல். நெறியாளரும் இரண்டு விருந்தினரும் பேசுவார்கள். எட்டு வாக்கியங்களில் எதை யார் சொன்னார் என்று குறிக்க வேண்டும். இது இரண்டு முறை வரும்.

பாஸாக எத்தனை சரியா இருக்கணும்?

30-ல் 18. அதை நூற்றுக்கு மாற்றினால் 60. பி1-ல் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் தனியாக 60 வேண்டும். மற்ற மூன்றில் 90 வாங்கினாலும் ஹோரெனில் 57 என்றால் அது கைகொடுக்காது. ஆனால் திரும்ப எழுதும்போது ஹோரெனை மட்டும் எழுதினால் போதும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு முறை ஒலிக்கும் பகுதிகளில் மொத்தம் 18 கேள்வி, ஒரே முறை ஒலிப்பவற்றில் 12. சில பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு "அந்தப் பதினெட்டு போதுமே" என்று இரண்டாம் மூன்றாம் பகுதிகளைக் கைகழுவிவிடுகிறார்கள். பதினெட்டில் பதினெட்டும் யாரும் வாங்குவதில்லை. மூன்றாவது பகுதியை முறையாகப் பழகினால் ஏழில் ஐந்து சுலபமாக வரும். விடவே கூடாத பகுதி அது.

ஏ1 சுலபமா முடிச்சுட்டேன். இதுவும் அப்படித்தானே?

இல்லை. ஏ1-ல் மொத்தமே 15 கேள்வி, சுமார் 20 நிமிடம். ஒரே முறை ஒலிக்கும் அறிவிப்புகள் நான்குதான். முதல் பகுதியில் விடைகள் படமாகவே இருக்கும். அங்கே ஒரு சொல் பிடிபட்டாலே விடை வந்துவிடும். பி1-ல் அந்த ஒற்றைச் சொல்தான் உங்களைத் தவறான விடைக்கு இழுத்துக்கொண்டு போகும். எப்படி என்று "மூணு விடையும் ஆடியோல வருது" என்ற கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

படிச்சா எல்லாம் புரியுது. அதையே பேசினா ஒண்ணும் புரியல. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். நாம் ஜெர்மனைக் கண்ணால் கற்கிறோம். புத்தகத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. 'இஹ் ஹாபெ எஸ் ஈம் ஷோன் கெஸாக்ட்' என்று தாளில் ஆறு சொல். "அதை அவனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்" என்று பொருள். வாயிலிருந்து வரும்போது 'இஹாப்ஸிம்ஷோங்கெஸாக்ட்' என்று ஒரே மூச்சு. உங்களுக்கு ஆறு சொல்லும் தெரியும்; அவை ஒட்டிக்கொண்டு வரும் உருவம்தான் தெரியாது. நம் ஊரில் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்று தமிழ் படித்து வந்த வெளிநாட்டுக்காரர் "என்ன பண்ணிட்ருக்க" என்பதைக் கேட்டு விழிப்பாரே, அதே கதை.

ஆக இது சொல்வளப் பிரச்சினை என்று நினைத்துப் பட்டியல் பட்டியலாகச் சொற்களை மனப்பாடம் செய்தால் தீராது. தெரிந்த சொல்லின் ஒலியைக் காதுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லவருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

அப்போ தினமும் எவ்வளவு நேரம் கேட்கணும்? நான் பஸ்ல போகும்போது ஒரு மணிநேரம் போட்டுக்கிட்டேதான் போறேன்.

பஸ்ஸில் கேட்பது வீண் இல்லை. மொழியின் ராகம் பழகும். ஆனால் மதிப்பெண் ஏறுவது மேசையில் உட்கார்ந்து கேட்கும் இருபது நிமிடத்தில்.

செய்யவேண்டியது இது. எழுத்து வடிவம் கூடவே கிடைக்கிற ஒலிப்பதிவாக ஒன்றை எடுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் எதையும் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு இடம் விடுங்கள். மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை என்றால் எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கடைசியில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசுபவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் எதைச் சொல்லப் பழகுகிறதோ அதைக் காது அடையாளம் கண்டுகொள்ளும்.

போன வருடம் ஒரு பெண் நாற்பது நொடிப் போன் செய்தி ஒன்றை இப்படி எழுதினாள். தாளில் ஒன்பது கோடுகள். ஒப்பிட்டுப் பார்த்தபோது அவளுக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றே ஒன்று. மீதி எட்டும் 'மிட் டேம்', 'ஹாபென் வியர்', 'கான் இஹ்' மாதிரி முதல் மாதத்திலேயே படித்தவை. அந்தத் தாளை அவள் நோட்டில் ஒட்டிவைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பட்டியல் மனப்பாடத்தைக் குறைத்துவிட்டாள்.

எதைக் கேட்கிறது? யூடியூப்ல ஆயிரம் இருக்கு.

முதலில் கோதே இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வு, பயிற்சித் தேர்வு இரண்டையும் எடுங்கள். ஒலி, வினாத்தாள், விடை, பேச்சின் எழுத்து வடிவம் எல்லாம் உண்டு. தேர்வின் குரலும் வேகமும் அதே மாதிரி இருக்கும்.

அடுத்து டாய்ச்ச வெல்லெ. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனம். அவர்களின் 'நிக்கோஸ் வேக்' என்ற காணொளிப் பாடம் ஏ1-லிருந்து பி1 வரை இலவசம். மெதுவாக வாசிக்கும் செய்தி ஒன்றும் உண்டு, அதே செய்தி வழக்கமான வேகத்திலும் எழுத்திலும் கிடைக்கும். மெதுவானதை மட்டுமே கேட்டுப் பழகிவிடாதீர்கள், தேர்வில் அப்படி யாரும் பேச மாட்டார்கள். செய்தியை விட உரையாடல்தான் தேர்வுக்கு நெருக்கம் என்பதையும் மனதில் வையுங்கள்.

சீரிஸ் பார்த்தா போதாதா? சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறேன்.

ஆங்கில சப்டைட்டில் என்றால் நீங்கள் ஆங்கிலம் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஜெர்மன் சப்டைட்டில் போட்டு ஒரு காட்சி, பிறகு அதை மறைத்து அதே காட்சி என்று பார்த்தால் பலன் உண்டு. களைப்பான நாளுக்கு நல்லது. மேலே சொன்ன இருபது நிமிடத்துக்குப் பதிலாக வேண்டாம்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்குத்தானே இது வசதி?

இதைக் கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் உண்மை பெரும்பாலும் மறுபக்கம் இருக்கிறது. குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் ஊறியது. படுவுக்கும் பாடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனிலும் உயிரின் நீளம் பொருளையே மாற்றும். 'மிட்டெ' என்றால் நடு, 'மீட்டெ' என்றால் வாடகை. 'ஒஃபென்' திறந்திருக்கிறது, 'ஓஃபென்' அடுப்பு. 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' நாடு. இதை நீங்கள் முதல் நாளே கேட்டுப் பிரித்துவிடுவீர்கள்.

இன்னொன்று வினைச்சொல். ஜெர்மனில் பல வாக்கியங்களில் முக்கியமான வினை கடைசியில்தான் வரும். நேற்று, அக்காவோடு, சந்தைப் பக்கம் புதிதாகத் திறந்த கடையில், உனக்காக, இரண்டு மணிநேரம் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு 'கெவார்டெட்' என்று முடிப்பார்கள். நாமும் அங்கேதான் "காத்திருந்தேன்" என்கிறோம். வாக்கியம் முடியும்வரை எல்லாவற்றையும் மனதில் ஏந்திக்கொண்டு காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே கேட்பவர்தான் இங்கே திணறுவார். ஆகவே மொழிபெயர்த்தே தீரவேண்டும் என்றால் தமிழிலேயே செய்யுங்கள்.

எந்த ஒலியெல்லாம் நம்ம காதுக்குச் சிக்கல்?

நம் எழுத்தில் க என்பதற்கு ஒரே உருவம், ட வுக்கும் ப வுக்கும் அப்படியே. 'கார்ட்டென்' என்று தமிழில் எழுதினால் அது தோட்டமாகவும் இருக்கலாம், நுழைவுச்சீட்டுகளாகவும் இருக்கலாம். ஜெர்மனில் முதலாவது கங்கை என்பதன் முதல் எழுத்து போல அதிர்வோடு தொடங்கும், இரண்டாவது கடல் என்பதன் முதல் எழுத்து போல, ஆனால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு நண்பர் போனில் 'கார்ட்டென்' பற்றிப் பேசினால் முன்பின் வரும் சொற்களைக் கொண்டு முடிவெடுங்கள். 'கார்ட்டென்' வாங்கினேன், கச்சேரி, எட்டு மணி என்று வந்தால் தோட்டம் இல்லை.

அடுத்து, உதட்டைக் குவித்துக்கொண்டு இ, ஏ சொல்வது போன்ற இரண்டு ஒலிகள். நமக்கு எழுத்தே இல்லை. 'ஷோன்' என்றால் ஏற்கெனவே. அதே சொல்லில் ஓவுக்குப் பதில் இந்தக் குவிந்த ஏ வந்தால் அழகு. கேக்குக்கு 'கூஹென்'; அந்த ஊ குவிந்த குறில் இயாகி, கடைசி ன் விழுந்தால் சமையலறை. கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் காதும் பிரிக்க ஆரம்பிக்கும்.

நம்பர் வந்தாலே குழம்பிடுது. என்ன பண்றது?

ஜெர்மனில் 21 முதல் 99 வரை ஒன்றாம் இடம் முன்னால் வரும். 'ஸீபென்-உண்ட்-ட்ரைஸிக்' என்பது ஏழும் முப்பதும், அதாவது 37. காதில் ஏழு முதலில் விழுவதால் கை 7 என்று எழுதிவிடும், அப்புறம் 73 ஆகிவிடும். இதற்கு ஒரே வழி, 7 விழுந்ததும் வலப்பக்கமாக எழுதி, இடப்பக்கம் இடம் விட்டு, 3-ஐ அங்கே போடுவது. தினமும் ஐந்து நிமிடம் யாரையாவது இரண்டிலக்க எண்கள் சொல்லச் சொல்லி இப்படி எழுதுங்கள். பத்து நாளில் கை தானாகச் செய்யும்.

இன்னும் இரண்டு இடத்தில் வழுக்கும். 'ஃப்யூன்ஃப்ட்ஸேன்' 15, 'ஃப்யூன்ஃப்ட்ஸிக்' 50. வால் நீண்டால் பதினைந்து மாதிரியான எண், 'ஸிக்' என்று வெட்டினால் பத்தின் மடங்கு. அப்புறம் போனிலும் அறிவிப்புகளிலும் 'ட்ஸ்வை' என்ற இரண்டை 'ட்ஸ்வோ' என்பார்கள், மூன்று என்னும் 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்கத்தான். புதிய எண் என்று நினைத்து முழிக்காதீர்கள்.

மணி சொல்றது?

'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் "அரை எட்டு". எட்டரை இல்லை, ஏழரை. எட்டு மணியை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று கணக்கு. தமிழில் நாம் எட்டரை என்று சேர்த்துச் சொல்லிப் பழகியதால் இந்த ஒரு இடத்தில் தாய்மொழி காலை வாரும். 'ஹால்ப்' காதில் விழுந்த உடனே ஒரு மணி குறையுங்கள். ஜெர்மனியின் கிழக்கிலும் தெற்கிலும் "முக்கால் எட்டு" என்றும் சொல்வார்கள், அது 7:45.

நாட்களிலும் கவனம் வேண்டும். 'டீன்ஸ்டாக்' செவ்வாய், 'டொனர்ஸ்டாக்' வியாழன். சனிக்கு இரண்டு பெயர், 'ஸம்ஸ்டாக்', 'ஸொன்ஆபெண்ட்'. இரண்டாவதைக் கேட்டு ஞாயிறு என்று எழுதியவர்கள் என் வகுப்பில் நிறைய. "பதினான்கு நாளில்" என்றால் இரண்டு வாரம், 'ஆண்டர்ட்ஹால்ப்' என்றால் ஒன்றரை.

வினைச்சொல் ரெண்டா உடையுதே, அதை எப்படிப் பிடிக்கிறது?

கடைசித் துண்டுக்காகக் காத்திருங்கள். 'ஷ்டைகென்' என்ற வினையோடு 'ஐன்' சேர்ந்தால் ஏறுவது, 'ஔஸ்' சேர்ந்தால் இறங்குவது, 'உம்' சேர்ந்தால் வண்டி மாறுவது. ஸ்டேஷன் அறிவிப்பில் அந்தத் துண்டு வாக்கியத்தின் ஆகக் கடைசியில் வரும். 'டேர் ட்ஸூக் ஃபெல்ட்' என்று தொடங்கி, ஊர், காரணம் எல்லாம் சொல்லி 'ஔஸ்' என்று முடித்தால் ரயில் ரத்து. முதல் பாதியைக் கேட்டதும் விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் கண்ணை ஓட்டுபவர்களுக்கு அந்த 'ஔஸ்' காதில் விழுவதே இல்லை.

மேடம், மூணு விடையும் ஆடியோல வருது. எது சரின்னு எப்படித் தெரியும்?

தேர்வு அமைப்பதே அப்படித்தான். நான் வகுப்பில் வாசிக்கும் ஒரு போன் செய்தியைச் சொல்கிறேன். டாக்டர் வீட்டு வரவேற்பிலிருந்து ஒரு அம்மா பேசுகிறார்: "உங்களுக்குச் செவ்வாய் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தோம். அன்று டாக்டர் பயிற்சிக்குப் போகிறார். புதன்கிழமை நேரம் கொடுக்கலாம் என்று பார்த்தேன், முழுவதும் நிரம்பிவிட்டது. வியாழன் 'ஹால்ப் நொய்ன்' மணிக்கு வர முடியுமா? முடியாது என்றால் இன்று நான்கு மணிக்குள் கூப்பிடுங்கள்." கேள்வி, எப்போது போக வேண்டும்? விடைகள் செவ்வாய், புதன், வியாழன். மூன்றும் ஒலித்தன. முதலாவது ரத்தானது, இரண்டாவது யோசித்துக் கைவிட்டது, மூன்றாவதுதான் நிற்பது.

எந்தச் சொல் வந்தது என்று பார்க்காதீர்கள், அதற்கு என்ன ஆனது என்று கேளுங்கள். வினாத்தாளில் உள்ள அதே சொல் ஒலியில் அச்சு மாறாமல் வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொல் உடுத்திக்கொண்டு வரும். ஒலியில் "காசு இல்லாமல் உள்ளே போகலாம்" என்றால் தாளில் "நுழைவு இலவசம்" என்று இருக்கும். இரட்டைச் சொற்களை இப்படிச் சேர்த்து எழுதி ஒரு நோட்டு போடுங்கள். பட்டியல் மனப்பாடத்தில் நான் ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான்.

ஒரு சின்ன வார்த்தையால விடை மாறிடுச்சுன்னு சொல்றீங்களே, அது எந்தெந்த வார்த்தை?

'ஏர்ஸ்ட்' என்பது எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் கவிழ்த்தது. 'ஏர்ஸ்ட் உம் ஆஹ்ட்' என்றால் எட்டுக்குத்தான், அதற்கு முன் கிடையாது. 'ஷோன் உம் ஆஹ்ட்' என்றால் எட்டுக்கே, நினைத்ததை விடச் சீக்கிரம். நம் "தான்", "ஏ" செய்கிற வேலையை அங்கே இந்தச் சொற்கள் செய்கின்றன.

'ஃபாஸ்ட்' என்றால் கிட்டத்தட்ட. ஆங்கில வேகம் இல்லை. "கிட்டத்தட்ட ரயிலைத் தவறவிட்டேன்" என்றால் பிடித்துவிட்டார். 'கௌம்' என்றால் அநேகமாக இல்லை. 'ஔஸர்' தவிர. 'ஆப் மோன்டாக்' திங்கள் முதல், 'பிஸ் மோன்டாக்' திங்கள் வரை. 'ஐகென்ட்லிஹ்' என்று யாராவது தொடங்கினால் பேனாவை நிறுத்துங்கள். "சொல்லப்போனால் போகத்தான் நினைத்தேன்" என்பதற்கு அடுத்து ஒரு "ஆனால்" வரும், விடை அந்த ஆனாலுக்குப் பின்னால் இருக்கும்.

கேள்வியைப் படிக்க 60 நொடி தர்றாங்க. அதுல என்ன செய்யணும்?

இரண்டு, மூன்று, நான்காம் பகுதிகளில் இந்த 60 நொடி கிடைக்கும். எல்லாச் சொல்லையும் படிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் மாறக்கூடிய ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். "பயணிகள் கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறார்கள்" என்றால் பஸ்ஸுக்கு. பயணிகளும் கோட்டையும் எப்படியும் வருவார்கள். கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே அமைந்திருக்கும். அதனால் அடிக்கோடுகள் வழிகாட்டிக் கற்கள் மாதிரி. ஒன்று கடந்ததும் அடுத்ததற்குக் கண் போய்விட வேண்டும்.

நடுவுல ஒண்ணு மிஸ் ஆயிடுச்சுன்னா?

விட்டுவிடுங்கள், அந்த நொடியே. நான் முதல்முறை எழுதியபோது மூன்றாம் பகுதியில் 17-வது கேள்வியில் நின்றுவிட்டேன். அந்தப் பெண் வேலையை விட்டாளா, மாற்றிக்கொண்டாளா என்று மனதுக்குள் சுழன்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பேச்சு 20-க்கு வந்துவிட்டது. ஒன்றில் போகவேண்டியது மூன்றில் போனது. இப்போது வகுப்பில் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தின் மேல் நான் இருமிவிடுவேன். அதை விட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் வரவேண்டும் என்பதற்காகத்தான்.

நாலாவது பகுதியில யார் பேசுறாங்கன்னே தெரியல.

முதல் அரை நிமிடம் விடைக்காக இல்லை, குரல்களுக்காக. நெறியாளர் விருந்தினர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவார். அப்போதே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு வையுங்கள்: கரகர குரல், ஆசிரியர், இரண்டு பிள்ளைகளின் அம்மா என்று எதுவானாலும் சரி. பிறகும் நெறியாளர் பெயர் சொல்லியே கேள்வி கேட்பார்.

இரண்டு பொறிகள் உண்டு. நெறியாளரும் விடையாக வரலாம். அவரை மறந்தே போகிறோம். ஒருவர் சொன்ன கருத்தை மற்றவர் "நீங்கள் சொல்கிறீர்கள், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று திருப்பிச் சொல்லி மறுப்பார். கருத்து அவர் வாயில் வந்தாலும் அவருடையது இல்லை. முதல் முறை கேட்கும்போது உறுதியானவற்றை மட்டும் குறித்து, இரண்டாம் முறைக்கு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியா, சுவிஸ் உச்சரிப்பெல்லாம் வருமாமே?

வரும். இந்த பி1 தேர்வை கோதே இன்ஸ்டிடியூட்டும், ஆஸ்திரியாவில் ஜெர்மன் தேர்வுகள் நடத்தும் ஓஎஸ்டி அமைப்பும், சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. 2013 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே மூன்று நாட்டுக் குரல்களும் இருக்கும். கிராமத்து வட்டார வழக்கு வராது, பொதுமொழிதான், ராகம் மட்டும் வேறு. கோவைக்காரர் பேசுவதைச் சென்னைக்காரர் கேட்பது போல.

சில சொற்களைத் தெரிந்துவைத்தால் நல்லது. ஆஸ்திரியாவில் ஜனவரிக்கு 'யென்னர்', இந்த ஆண்டுக்கு 'ஹொயர்'. சுவிட்சர்லாந்தில் சைக்கிள் 'வேலோ', பயணச்சீட்டு 'பில்யெட்'. இரண்டு நாட்டிலுமே ஆஸ்பத்திரி 'ஷ்பிடால்'. இவற்றுக்காகத் தனியாக உட்கார வேண்டாம். ஆஸ்திரிய, சுவிஸ் வானொலிகளை வாரம் பத்து நிமிடம் கேட்டாலே போதும்.

தெரியலைன்னா காலியா விடலாமா?

கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. காகிதத் தேர்வில் கடைசியில் விடைத்தாளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் தருவார்கள். அதில் 30 கட்டமும் நிரம்பியதா என்று எண்ணுங்கள். ஒரு வரி தவறி மாற்றி எழுதினால் அடுத்ததெல்லாம் சரியும், எண்ணைத் தொட்டுத் தொட்டு மாற்றுங்கள்.

வீட்டுல 25 வருது, ஹால்ல 16 வருது. ஏன்?

வீட்டில் நிறுத்திக் கேட்கிறீர்கள், அல்லது அதே மாதிரித் தேர்வை நான்காவது முறையாகச் செய்கிறீர்கள். நான்காவது முறை காது வேலை செய்யவில்லை, நினைவு வேலை செய்கிறது. ஒரு மாதிரித் தேர்வையாவது கடைசி வாரம்வரை திறக்காமல் வைத்திருங்கள்.

அறையும் ஒரு காரணம். காகிதத் தேர்வில் ஒலி ஸ்பீக்கரில் வரும். மின்விசிறி, நாற்காலிச் சத்தம், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாம் சேரும். ஹெட்ஃபோனில் மட்டும் பழகிய காது அங்கே தடுமாறும். கடைசி இரண்டு வாரம் போனை அறையின் மறுமூலையில் வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, நிறுத்தாமல் 40 நிமிடம் கேளுங்கள். கணினியில் எழுதும் தேர்வு என்றால் ஹெட்ஃபோனே பழக்கமாக இருக்கட்டும்.

டெல்க் எழுதினா ஹோரென் சுலபம்னு சொல்றாங்க, உண்மையா?

டெல்க் என்பது ஜெர்மன் தேர்வு நடத்தும் இன்னொரு நிறுவனம். அதன் பி1-ல் கேட்டல் 20 கேள்வி, எல்லாமே சரியா தவறா, சுமார் 30 நிமிடம். எழுத்துத் தேர்வு முழுவதையும் சேர்த்து 60 சதவீதம் பார்ப்பதால், கேட்டலில் குறைந்ததைப் படித்தலில் ஈடுகட்டலாம். ஹோரென் மட்டும் பலவீனமானவர்களுக்கு அது வசதிதான். ஆனால் உங்கள் ஏஜென்சியோ தூதரகமோ எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பி1 பாஸாகிட்டேன். பி2 ஹோரென் எவ்வளவு வித்தியாசம்?

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்பதால், இந்தக் கேள்வி மறுநாளே வந்துவிடும். அங்கேயும் நான்கு பகுதி, 30 கேள்வி, சுமார் 40 நிமிடம். ஆனால் பி1-ல் இரண்டு முறை ஒலித்த அந்த ஐந்து சிறு ஒலிப்பதிவுகள் பி2-ல் ஒரே முறைதான். கலந்துரையாடலும் ஒரே முறை. நேர்காணலும் கடைசியில் வரும் சொற்பொழிவும் மட்டும் இரண்டு முறை.

அதனால் பி1 முடித்த கையோடு பழைய மாதிரித் தேர்வின் முதல் பகுதியையும் நான்காம் பகுதியையும் எடுத்து, இரண்டாம் முறை கேட்காமல் செய்து பாருங்கள். 18-ல் 12 வந்தால் பி2 புத்தகத்தைத் திறக்கலாம். குறைவாக வந்தால் இன்னும் ஒரு மாதம் அந்தக் கோடு போட்ட தாளோடு உட்காருங்கள்.